கோமக்கா வாயில் நின்ற சொல்

பிப்ரவரி 5, புதன்

முதலில் ஒரு வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். இன்று ஆஸ்பத்திரியில் எனக்கு மூளைச் சோதனை நடந்துவிட்டது. நடந்திருக்க வேண்டியது எங்கள் கோமக்காவுக்கு.

அக்காவைக் கக்கூசுக்குக் கூட்டிப்போன ஆயா வர நேரமாயிற்று. சக்கர நாற்காலி சும்மா கிடந்தது. கால் கடுத்தது, உட்கார்ந்தேன். உட்கார்ந்த சுகத்தில் கண் சொக்கியது. ஒரு ஆள் வந்து கோமதியா என்று கேட்டான். கோமதிக்காக வந்தவள்தானே, தலையை ஆட்டினேன். உருட்டிக்கொண்டு போய் ஒரு அறைக்குள் விட்டுவிட்டான். அங்கே ஒரு சின்னப் பெண் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். தொண்ணூற்று மூன்று வரை போனேன், அதற்கப்புறம் வழி தெரியவில்லை. கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்தேன், இட்லித் தட்டு மாதிரி வந்தது. அவள் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, பாதிப்பு அதிகம் என்று எழுதினாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு கேள்வியிலாவது பாஸாகிவிட மாட்டோமா என்ற ஆசையில் இருந்துவிட்டேன்.

பேராசிரியர் அம்மா வந்து காப்பாற்றினார். பெயர் ரூபி தங்கம். மூளையில் அடி வாங்கியவர்களுக்குப் போன பேச்சும் நினைப்பும் எப்படித் திரும்பும் என்று ஆராய்ச்சி செய்கிறவர். என் கடிகாரத்தைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அதனால் அவரைப் பிடித்துவிட்டது.

கோமக்கா பேசும் ஒவ்வொரு சொல்லையும், எப்போது பேசினாள் என்பதையும் எழுதிவரச் சொல்லி ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். அந்த நோட்டு சீக்கிரம் நிறைந்துவிடும். அக்காவிடம் இருப்பது ஒரே சொல். இது வேறு நோட்டு. இது எனக்கு.

பிப்ரவரி 6, வியாழன்

அந்த ஒரே சொல் 'களவாணி'. அது என்னைப் பார்த்துச் சொன்னது.

கோமக்கா என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி. ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். போன வருஷம் தை மாதம் எங்கள் மாமியார் செத்தாள். குளிப்பாட்டியவள் நான். காதிலிருந்த ஏழுகல் தோட்டைக் கழற்றிப் பித்தளைச் செம்பில் போட்டவளும் நான். பதினாறாம் நாள் சொந்தமெல்லாம் கூடியிருக்கும்போது செம்பைக் கவிழ்த்தால் தோடு இல்லை. கோமக்கா எழுந்து, அத்தனை பேர் முன்னாலும் என்னை நோக்கிக் கையை நீட்டி, 'களவாணி' என்றாள். அடுத்த சொல் வரவில்லை. வாய் கோணியது, வலது கை தொங்கியது, விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது.

அன்றிலிருந்து தண்ணீர் வேண்டுமென்றாலும் களவாணி. காக்காயை விரட்டினாலும் களவாணி. சாமி கும்பிட்டாலும் களவாணி.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் குடும்பத்தில் மூத்தவளான சிவகாமி சித்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். 'வாக்கு பூரா பிடுங்கிக்கிட்டு, அந்த ஒத்தச் சொல்ல மட்டும் நாக்குல நிறுத்தி வச்சிருக்காரு சாஸ்தா. சும்மாவா வைப்பாரு?' சாஸ்தா எங்கள் குலசாமி. சாமி சாட்சி சொன்னபிறகு எந்த வக்கீல் என்ன செய்வான்.

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் உக்கிராண அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய் எல்லாம் என் கையால் அளந்துதான் வெளியே போகும். இந்த ஒரு வருஷத்தில் மூன்று கல்யாணம். சாவி என் பக்கம் வரவில்லை. நான் உள்ளே நுழைந்தால் பெண்கள் மணிபர்ஸை மடிக்கு மாற்றுகிறார்கள்.

அவளை ஏன் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைகிறேன் என்று தெருவில் எல்லோருக்கும் ஆச்சரியம். நல்ல மனசு என்கிறார்கள். நல்ல மனசாவது. அவள் வாயைத் திறந்து, அதே சொந்தத்துக்கு முன்னால், என் பெயரைச் சொல்லி, வடிவு எடுக்கவில்லை என்று சொல்லவைக்க வேண்டும். அதுவரை அவளைச் சாகவிட மாட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

ரூபியம்மா ஒரு மூளைப் படம் காட்டினார். அவித்த காலிபிளவர் மாதிரி இருந்தது. பேச்சு பெரும்பாலும் இடது பக்கமாம். அக்காவுக்கு அடைத்தது அங்கே. பாட்டும் ராகமும் வலது பக்கம் நிறைய இருக்குமாம். அதனால் சிலருக்குப் பேச வராததும் பாடினால் வருமாம். இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே சொல்லை ராகத்தில் இழுத்துப் பழக்கவேண்டும்.

அந்த ஒற்றைச் சொல்லுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது, புயல் அடித்தபிறகு நிற்கிற ஒரே போஸ்ட் மாதிரி என்றார். இதைச் சித்தியிடம் போய்ச் சொன்னேன். டாக்டருக்கு சாஸ்தாவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள்.

அக்காவுக்கு நன்றாகப் பழகிய ராகம் எது என்று ரூபியம்மா கேட்டார். சாமிப் பாட்டு, தாலாட்டு எல்லாம் முயன்று பார்த்தார். அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்க மாட்டாமல், 'யக்கா, கோலமாவு வேணுமா?' என்று கேட்டுவிட்டு, தெருவில் கூவுவது போலவே ஒரு கூவல் போட்டேன். நான் தள்ளுவண்டியில் கோலமாவு விற்கிறவள். இருபது வருஷமாக விடிந்ததும் அவள் காதில் விழுகிற முதல் சத்தம் அதுதான். 'கோல மாவே' என்று தாழ எடுத்து, 'ஏஏய்' என்று மேலே ஏற்றி நீட்ட வேண்டும்.

அக்கா இடது கையால் தொடையில் தட்டினாள். 'கோ' என்றாள். பிறகு 'ஏஏய்' என்று இழுத்தாள்.

ரூபியம்மாவுக்குக் கண்ணாடியே நழுவிவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

கோலமாவு ராகத்தில் 'தண்ணி' வந்துவிட்டது. 'தண் ணியேஏஏய்.' ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டால் தண்ணீர் விற்கிறாள் என்று நினைப்பார்கள்.

இன்னொன்று. நான் கேலி செய்தால் சொல் சீக்கிரம் வருகிறது. 'கெட்டிக்காரிதான் யக்கா, ஒரு வருசத்துக்கு ஒரு சொல்லு, நூறு வயசுக்குள்ள ஒரு குறளு சொல்லிருவிய' என்றேன். அவள் இடது கையால் டம்ளரை எறிந்துவிட்டு, ராகமே இல்லாமல் 'சீ போ' என்றாள். வசவும் எண்ணிக்கையும் பாட்டும் மூளையில் வேறு பாதையில் வருமாம். டம்ளர் என் நெற்றியில் பட்டது. ரூபியம்மா அதையும் எழுதிக்கொண்டார். இனி ஒவ்வொரு புதனும் நான் அவசியம் உள்ளே இருக்கவேண்டுமாம். ஆராய்ச்சிக்கு நான் ஒரு மருந்து.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. 'சோறு' வந்தது. 'சாம்பார்' வரவில்லை. நான் வைத்த சாம்பார் அப்படி.

மார்ச் 5, புதன்

வீட்டில் திருட்டுத்தனமாக என் சொந்தப் பாடத்தை ஆரம்பித்திருக்கிறேன். 'வடிவு எடுக்கலயேஏஏய்.' பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் சொந்தம் முழுவதும் கூடும். அசலூரில் இருப்பவன் கூட அன்றைக்கு வந்துவிடுவான். அங்கே வைத்து அவள் வாயாலேயே பாடவைப்பேன். பாடி முடித்ததும் நான் என்னென்ன பேசவேண்டும் என்று ஒரு வருஷமாக மனதில் கோத்து வைத்திருக்கிறேன். சித்திக்கு ஒரு பாகம் தனியாக இருக்கிறது.

அவள் 'வடிவு' வரை வருகிறாள். மேலே போகச் சொன்னால் என் முகத்தையே பார்க்கிறாள். கண்ணில் நீர். திமிர்தான், வேறென்ன.

மார்ச் 12, புதன்

மாட்டிக்கொண்டேன். பாடம் நடக்கும்போது அக்கா 'வடிவு' என்று ஆரம்பித்துவிட்டாள். இதை யார் பழக்கியது என்று ரூபியம்மா கேட்டார். சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. 'அது உங்க வாக்கியம். அவங்க வாயில உங்க வாக்கியத்த வச்சா அது வைத்தியம் இல்ல. அவங்களுக்குச் சொல்லத்தான் வரல, நாம பேசுறது பூரா விளங்குது. அவங்க என்ன சொல்ல ஆசைப்படுதாங்கன்னு முதல்ல கேளுங்க' என்றார்.

சாயங்காலம் இதை அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆவுடையப்பன் என்று பெயர், நாங்கள் பெரியத்தான் என்போம். அக்காவுக்கு எல்லாமே விளங்குதாம் அத்தான், நீங்க ஒரு வருசமா அவ முன்னாடி பேசினது பூரா உள்ள இருக்காம் என்றேன். சந்தோஷத்தில் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

பெரியத்தான் இந்த வயதில் புதிதாகப் பச்சை பெல்ட் கட்ட ஆரம்பித்திருக்கிறார். வேட்டிக்கு மேலே, பை வைத்த பெரிய பெல்ட். ராத்திரியும் அவிழ்ப்பதில்லையாம். தொப்பையை இறுக்கி மாப்பிள்ளை ஆகப் பார்க்கிறீர்களா என்று கேலி செய்தேன். வழக்கமாகத் திருப்பிக் கேலி செய்கிறவர், பெல்ட்டை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு இனி வேண்டாமாம். வீண் அலைச்சலாம். களக்காட்டுப் பக்கம் ஒரு எண்ணெய்த் தடவல்காரர் இருக்கிறாராம். ஒரு வருஷமாக எண்ணெய் தடவித்தானே அக்கா அப்பளம் மாதிரி ஆனாள்.

மார்ச் 19, புதன்

அனுப்பவில்லை. பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் வழியாக அக்கா கத்தினாள், 'களவாணி, களவாணி' என்று. அவள் அதை எந்த இழுப்பில் சொன்னால் என்ன வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். தண்ணீருக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, ஏட்டி வடிவு இங்கே வா என்பதற்கு ஒன்று. இது எதிலும் சேரவில்லை. அடித்தொண்டையில், பல்லைக் கடித்துக்கொண்டு. பெரியத்தான் தெருமுனையில் திரும்பி மறையும் வரை அவர் முதுகைப் பார்த்தே சொன்னாள்.

பாவம், அவருக்கும் என் பட்டத்தையே கொடுத்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

ராத்திரி முழுவதும் தூக்கம் வரவில்லை.

மார்ச் 26, புதன்

பெரியத்தான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அடுத்த தெருவில் தனியாக இருக்கும் அவர் மகனிடம் இன்னொரு சாவி வாங்கி, அக்காவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பெண்ணைக் கடத்துகிற வயதா எனக்கு.

ரூபியம்மாவிடம் சொன்னேன்: அவள் என்ன சொல்ல ஆசைப்படுகிறாள் என்று கேட்கச் சொன்னீர்களே, கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அட்டையில் படம் காட்டிக் கேட்பது அவர் வழி. என் போனில் இருந்த சொந்தக்காரர் படங்களைப் பெரிதாக்கி அச்சுப் போட்டுத் தந்தார். என் படம், என் வீட்டுக்காரர், சித்தி, பெரியத்தான், இன்னும் இரண்டு பேர். மேஜையில் பரப்பினேன். என் காதைத் தொட்டுக் காட்டி, 'யக்கா, அத்தையோட தோடு யார்ட்ட இருக்கு?' என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. இடது கையின் ஆள்காட்டி விரல் நேராகப் போய்ப் பெரியத்தான் நெற்றியில் நின்றது.

ஒரு தடவை போதாது, தற்செயலாக இருக்கலாம் என்று ரூபியம்மா அட்டைகளை மாற்றி வைத்தார். மறுபடியும் அவரே. தலைகீழாக வைத்தார். அப்போதும் அவரே. மூன்றாம் தடவை நகத்தால் அட்டை கிழிந்துவிட்டது.

அந்தப் பதினாறாம் நாளுக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வடிவுதான் எடுத்தாள் என்று உங்களிடம் சொன்னது யார் என்றேன். மறுபடி அதே நெற்றி. அவள் விழுந்தபிறகு, இவள்தான் ஊமையாயிற்றே, இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று அவள் கண் முன்னாலேயே தோட்டை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவள் தலையாட்டினாள். கடைசியில் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு மூக்கில் நீர் வரும் வியாதி உண்டு.

மார்ச் 27, வியாழன்

ஒரு வருஷமாக நான் மாவு அரைத்தது வேறு உரலில்.

கோத்து வைத்த பேச்சையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டேன். கோமக்காவுக்கு வைத்திருந்த பாகத்தை அப்படியே பெரியத்தான் பக்கம் நகர்த்தியிருக்கிறேன். அவளுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. புருஷன் சொன்னதை நம்பி என் பெயரைக் கெடுத்தவள்தானே. அந்தக் கணக்கு தீரவில்லை. ஆனால் முதல் பந்தி அவருக்கு.

காலையில் கோலமாவு வண்டியோடு அவர் வாசலில் நின்று வழக்கத்தைவிட நீட்டிக் கூவினேன். வெளியே வந்து, ஏன் இப்படிக் கத்துகிறாய் என்றார். சிரித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

எண்ணெய்த் தடவலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று பெரியத்தானிடம் நானே சொல்லி, ரூபியம்மாவிடம் கூட்டிப் போகிறேன். அவருக்கு நிம்மதி.

அக்காவுக்கு வேண்டிய வாக்கியத்தை அட்டைகளை வைத்து அவளே தேர்ந்தெடுத்தாள். 'தோடு அவியள்ட்ட.' புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாளாம். பேச்சே போனாலும் அந்த மரியாதை மட்டும் போகவில்லை. கொலைகாரனாக இருந்தாலும் 'அவிய' தான்.

ரூபியம்மா யோசித்தார். 'இது என் ஆராய்ச்சியில சேராது. ஆனா அவங்க கேக்குற வாக்கியம், அதப் பழக்கத்தான் நான் இருக்கேன்' என்றார். பிறகு ஒன்று சொன்னார். பழக்கிய வாக்கியம் வருவது பெரிய விஷயமில்லை. பழக்காத ஒரு சொல் ராகமில்லாமல் தானாக வந்தால்தான் மூளை புதுப்பாதை போட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒன்று வந்தால் உடனே போன் செய்யவேண்டும்.

நாள் முழுக்கத் தட்டினோம். 'தோ டவியள்ட்டேஏஏய்.' அவள் தட்டும்போது முகத்தைப் பார்க்கவேண்டும். அம்மியில் மிளகாய் அரைக்கிறவள் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

வந்துவிட்டது. முழுசாக. ஐந்து தடவை.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அண்ணனாயிற்றே என்று தயங்கினார். உங்கள் அண்ணன் ஒரு வருஷம் என்னைக் களவாணி ஆக்கினபோது நீங்கள் யாருக்கு என்னவாக இருந்தீர்கள் என்று கேட்டேன். கோயிலுக்குப் பானை கழுவிக் கொடுக்கிறேன் என்றார். அதுவே பெரிது.

ஏப்ரல் 12, சனி

நேற்று பங்குனி உத்திரம். கை வலிக்கிறது, ஆனாலும் எழுதவேண்டும்.

சாத்தான்குளம் தாண்டித் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் சாஸ்தா. செம்மண், உடைமரம், வெயில். சொந்தம் இரண்டு வேனில் வந்தது. பொங்கல் பொங்கி, படைத்து, தீபாராதனை முடிந்ததும் எல்லோரும் பந்தல் நிழலில் உட்கார்ந்தார்கள். கோமக்காவை நான் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். சித்தி உடனே, சாஸ்தா சாட்சியை முன்னால் வைக்கிறாளே, தைரியம்தான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்குக் கேட்கவேண்டுமென்றே சொன்னாள்.

அக்கா ஏதோ பேசப் போகிறாள், கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா இடது கையைத் தொடையில் தட்டினாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. கோலமாவு ராகம் எழும்பியது. 'தோ டவியள்ட்டேஏஏய்.' விரல் பெரியத்தானை நோக்கி நீண்டது.

சிரித்தவர்கள் பாதி. புரிந்து நிறுத்தியவர்கள் பாதி. பெரியத்தான் முதலில் சிரித்தார். பிறகு எழுந்து நின்று சொன்னார்: 'கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி இந்த வடிவு சொல்லிக்குடுத்திருக்கா. ராகத்தப் பாத்தாலே தெரியலயா, கோலமாவு ராகம். சொந்தமா ஒரு சொல்லு சொல்லச் சொல்லுங்க பாப்போம்.'

சித்தி தலையாட்டினாள். சனம் என்னைப் பார்த்தது. அவர் சொன்னது சரிதானே. சொல்லிக் கொடுத்தது நாங்கள்தானே. ஒரு வருஷம் கோத்த பேச்சில் ஒரு மணி கூட வாய்க்கு வரவில்லை.

கோமக்கா தாளம் தட்டவில்லை. தட்டிய கையால் தரையை ஊன்றிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. பெரியத்தான் முகத்தைப் பார்த்தவள் பார்வையை மெள்ளக் கீழே இறக்கினாள். ராகமில்லை, இழுப்பில்லை, ஒரு மனுஷி சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள்.

'பெல்ட்டு.'

அவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அத்தனை பேரும் பார்த்தோம்.

'அவுத்துக் குடு' என்றாள் சித்தி. வயிற்று வலிக்குக் கட்டியிருக்கிறேன் என்றார் அவர். 'சாஸ்தா முன்னால வச்சுச் சொல்லுதேன், அவுத்துக் குடுல' என்றாள் சித்தி. அறுபது வயது ஆம்பிளையைச் சின்னப் பையன் மாதிரி 'ல' போட்டுப் பேசியதைக் கேட்க எனக்கு அன்றுதான் பிடித்தது. பெல்ட் பையில், மாத்திரைத் தாளில் சுற்றி, இரண்டு தோடும் இருந்தன. வெயிலில் பதினாலு கல்லும் மின்னியது.

நான் பேசவேண்டிய நேரம். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். 'தொப்பை குறைஞ்சிட்டே அத்தான்' என்று மட்டும் சொன்னேன். அவர் அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அமளியிலேயே ரூபியம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா, பழக்காத சொல் ஒன்று வந்துவிட்டது என்றேன். என்ன சொல், எந்தச் சூழ்நிலையில் என்று கேட்டார். பெல்ட்டு என்றேன். சூழ்நிலையைச் சொல்ல வேனில் ஏறும் வரை ஆயிற்று. அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

வைகாசியில் சித்தியின் பேத்திக்குக் கல்யாணம். உக்கிராணச் சாவியை நீதான் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று சித்தி என் கையைப் பிடித்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று தடவை கேட்கவைத்தேன். இன்னும் சொல்லவில்லை. மணிபர்ஸை மடிக்கு மாற்றியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தடவை வந்து கேட்கட்டும்.

பெரியத்தானை யாரும் வேனில் பக்கத்தில் உட்கார விடவில்லை. டிரைவர் பக்கத்தில் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார். கோமக்கா என் பக்கத்தில் இருந்தாள். பாதி வழியில் என் முழங்கையைச் சுரண்டி, 'களவாணி' என்றாள். தண்ணீருக்கான இழுப்பு. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காதவள் மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி. மன்னிப்புக் கேட்கிற மாதிரியான நீள வாக்கியம் வர இன்னும் பல மாதம் ஆகுமாம், ரூபியம்மா சொன்னார். வரட்டும். ஒவ்வொரு புதனும் நான் அங்கேதான் இருப்பேன்.

வேனில் எல்லோரும் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து, இன்னொரு சொல் சொல்லு, இன்னொரு சொல் சொல்லு என்று கேட்டுக்கொண்டே வந்தோம். மூலைக்கரைப்பட்டி வந்தபிறகுதான் என் வீட்டுக்காரர் வண்டியில் இல்லை என்பது தெரிந்தது. பொங்கல் பானையைக் கழுவ அடிபம்புக்குப் போயிருந்தாராம். ஆடு இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியில் ஏறி வந்து சேர்ந்தார். பானை சுத்தமாக இருந்தது.